மழைக்காலத்தில் ஒதுக்கி வைத்த மாருதி: ஒரே காரின் இரண்டு பருவங்கள்

இந்த ஆய்வுக்குரிய வண்டி 1994ஆம் ஆண்டில் என் தந்தை வாங்கிய மாருதி 800. மூன்று சிலிண்டர், 796 சிசி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் பொருத்திய பழைய வகை. வீட்டில் அன்றாட ஓட்டத்துக்கு வேறு கார் இருக்கிறது. ஆகவே இது தை பிறந்ததும் வெளியே வரும். செங்கல்பட்டைத் தாண்டியுள்ள சொந்த ஊருக்கும், கோயில் திருவிழாவுக்கும், முகூர்த்த நாள்களில் கல்யாண மண்டபங்களுக்கும் புரட்டாசி வரை ஓடும். ஐப்பசி மழைக்கு முன் போர்ட்டிகோவுக்குள் ஒதுங்கிவிடும். சென்னையில் ஓராண்டில் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழையில் ஏறத்தாழ அறுபது விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது என்பதால், முப்பது வயதை நெருங்கிய தகர உடம்பை அந்த மூன்று மாதங்கள் தெருவில் இறக்காமல் வைத்திருப்பது நியாயமான முடிவே. முடிவில் தவறில்லை, அதை நிறைவேற்றிய விதத்தில்தான் தவறு இருந்தது.

2023 அக்டோபர் 8 முதல் 2024 ஜனவரி 21 வரை ஒரு முறையும், 2024 அக்டோபர் 6 முதல் 2025 ஜனவரி 19 வரை மறுமுறையும், இரண்டு தடவையும் பதினைந்து வாரங்கள், அதே வண்டி அதே போர்ட்டிகோவில் நின்றது. முதல் பருவம் முடிந்தபோது பட்டறைக்கு இழுத்துச் செல்ல வேண்டியிருந்தது. இரண்டாம் பருவம் முடிந்தபோது அது தானே ஓடி வெளியே வந்தது. முதல் பருவத்தில் நாங்கள் வண்டியைக் கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று யாரும் சொல்ல முடியாது. வாராவாரம் கவனித்தோம். அந்தக் கவனிப்பில் பாதிக்கு மேல் வண்டிக்குக் கேடாக முடிந்தது என்பதே இந்த ஆய்வில் எனக்குக் கிடைத்த செய்தி.

முதல் பருவம்

வீடு ஆதம்பாக்கத்தில் இருக்கிறது. போர்ட்டிகோ தெருவைவிட இரண்டடி உயரம். மேலே கான்கிரீட் தளம் உண்டு, மூன்று பக்கம் திறப்பு, மேற்குப் பக்கம் மாலை வெயில் விழும். நிறுத்திய அன்று காலையில் வண்டியை நன்றாகத் தண்ணீர் விட்டுக் கழுவினோம். கழுவிய ஈரத்தோடு உள்ளே ஏற்றி, ஹேண்ட்பிரேக்கை இறுக்கி இழுத்துவிட்டு, தடிமனான நீல நிறத் தார்ப்பாயைத் தரை வரை போர்த்தி, காற்றில் பறக்காமல் நான்கு மூலையிலும் கயிறு கட்டினோம். டாங்கில் கால் பங்குக்குச் சற்று அதிகமாகப் பெட்ரோல் இருந்தது. நிறுத்தி வைக்கும் வண்டிக்கு எதற்குக் காசைக் கொட்டுவது என்று மேற்கொண்டு நிரப்பவில்லை. டயர்களில் வழக்கமான காற்று. இவற்றுக்கெல்லாம் மேலாக, ஞாயிறுதோறும் காலையில் தார்ப்பாயின் முன்பக்கத்தைத் தூக்கி, வண்டியை ஸ்டார்ட் செய்து, நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைப்பது என் தந்தையின் ஏற்பாடு. அவர் தலைமுறையில் கார் வைத்திருந்த எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

ஏழு ஞாயிறுகள் இது நடந்தது. எட்டாவது ஞாயிறு டிசம்பர் 3. மிக்ஜாம் புயலின் மழை அன்று பிடித்துக்கொண்டது. சாவியைத் திருப்பியபோது ஸ்டார்ட்டர் ஒரு முறை முனகிவிட்டு நின்றது. மறுநாள் தெரு முழுவதும் வெள்ளம்; தண்ணீர் ஏறி ஏறிப் போர்ட்டிகோவின் மேல்படிக்குக் கீழே வந்து நின்றது. இதைக் குறிப்பிடக் காரணம் உண்டு. பின்னால் பட்டறையில் வண்டியைப் பார்த்தவர்கள் அனைவரும் முதலில் கேட்டது, "வெள்ளத்துல நின்ன வண்டியா?" என்பதுதான். வெள்ளம் இந்தக் காரைத் தொடவே இல்லை. மின்சாரம், குடிநீர், உறவினர் வீட்டுச் சேறு என்று அடுத்த வாரங்கள் கழிந்ததில், இறங்கிப்போன பேட்டரியைக் கழற்றிச் சார்ஜ் போட யாருக்கும் தோன்றவில்லை. பொங்கல் கழிந்து தார்ப்பாயை விலக்கினோம்.

பேட்டரி 8 வோல்ட்டைத் தாண்டவில்லை. பின் சக்கரங்கள் இரண்டும் உருள மறுத்தன. இருக்கைகள், ஸ்டீயரிங், சீட் பெல்ட் எல்லாவற்றிலும் சாம்பல் பூத்தாற்போலப் பூஞ்சணம். வெளியே, கூரையில் தார்ப்பாய் உராய்ந்த இடமெல்லாம் பெயின்ட் வெளிறியிருந்தது. பானெட்டுக்குள் ஹெட்லைட்டுக்குப் போகும் ஒயர்களை எலி கடித்திருந்தது. ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் கிழிந்த துணியும் பஞ்சும் சேர்த்து ஒரு கூடே கட்டியிருந்தது. வேறு பேட்டரி கொண்டுவந்து இணைத்தும் இன்ஜின் பிடிக்கவில்லை. பட்டறையில் ஒருவழியாக அது ஓடத் தொடங்கியபோது சைலன்சரின் அடிப்பக்கத்தில் இரண்டு துளைகள் சத்தம் போட்டுத் தங்களை அறிவித்தன.

எங்கள் மெக்கானிக் இருபது ஆண்டுகளாக இந்த வண்டியை அறிந்தவர். எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்துவிட்டு, "சார், நீங்க வண்டியை நிறுத்தி வைக்கலை. வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா வேக வெச்சிருக்கீங்க" என்றார். அந்த வாக்கியத்தை நான் அப்போது முழுதாக ஏற்கவில்லை. ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்ட பிறகுதான் ஏற்றேன்.

ஐந்து நிமிடக் கணக்கு

பேட்டரியிலிருந்து தொடங்குவோம். ஸ்டார்ட் செய்யும்போதுதான் பேட்டரி தீர்கிறது என்பது பொதுவான நம்பிக்கை. ஆனால் அது அவ்வளவு பெரிய செலவல்ல. ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியர் இழுத்தாலும், பத்து விநாடி சுற்றினால் செலவாவது 0.3 ஆம்பியர்-மணிக்கும் குறைவு (ஓர் ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் அது ஓர் ஆம்பியர்-மணி). உண்மையான ஓட்டை வேறிடத்தில் இருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் வெளிக்கடையில் பொருத்திய ரேடியோவும் திருட்டு அலாரமும், சாவியைக் கழற்றிய பிறகும் சேர்ந்து 25 மில்லி ஆம்பியர் குடித்துக்கொண்டிருந்ததை மெக்கானிக் மல்டிமீட்டரில் காட்டினார். கேட்பதற்கு அற்பமான அளவு. வாரத்துக்கு 168 மணி நேரம் என்று பெருக்கினால் 4.2 ஆம்பியர்-மணி வருகிறது. எட்டு வாரத்தில் அது 33.6 ஆகிறது. இந்தக் காரின் பேட்டரி மொத்தமே 35 ஆம்பியர்-மணி.

ஐந்து நிமிட ஓட்டம் இதில் எவ்வளவைத் திருப்பித் தந்திருக்கும்? இன்ஜின் மெதுவாகச் சுற்றும்போது பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்நேட்டரின் வரத்து குறைவு. தாராளமாகப் பத்து ஆம்பியர் என்று வைத்துக்கொண்டாலும் ஐந்து நிமிடத்துக்கு 0.8 ஆம்பியர்-மணிதான், அதில் ஸ்டார்ட் செய்த செலவைக் கழித்தால் மிஞ்சுவது அரை ஆம்பியர்-மணி. வாரம் நான்கு ரூபாய் செலவழித்துவிட்டு அரை ரூபாய் வரவு வைத்த கணக்கு இது. டிசம்பர் 3இல் பேட்டரி அடங்கியதில் வியப்பில்லை. ஆனால் அதைக் கொன்றது அந்த இறக்கமல்ல, இறங்கிய நிலையிலேயே ஏழு வாரம் கிடந்ததுதான். ஈய-அமில பேட்டரியில் மின்னேற்றம் குறைந்த நிலையில் தகடுகளின்மேல் படியும் ஈய சல்பேட் நாளாக ஆகக் கெட்டிப்பட்டுவிடும். அதன் பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது.

அடுத்தது சைலன்சர். பெட்ரோல் எரிந்தால் கரியமில வாயுவோடு நீராவியும் உண்டாகும் என்பது பள்ளிக்கூட வேதியியல். அதன் அளவைத்தான் நாம் நினைத்துப் பார்ப்பதில்லை: ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உருவாகிறது. நெடுஞ்சாலையில் ஓடும் வண்டியில் சைலன்சர் முழுதும் சூடேறியிருப்பதால் அது ஆவியாகவே வெளியேறிவிடும். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஓடும் வண்டியில் முன்பக்கக் குழாய் மட்டும் சூடாகும். பின்பக்கப் பெட்டி குளிர்ந்தே இருக்கும். ஆவியில் ஒரு பகுதி அங்கே குளிர்ந்து தேங்கும். குளிர்ந்த இன்ஜின் பிடிக்கப் பெட்ரோலைக் கூட்டித் தரும் சோக்கை இழுத்து ஓட்டிய ஒவ்வொரு ஞாயிறும் 80 மில்லி பெட்ரோல் எரிந்தது என்று கொண்டால், ஏழு வாரத்தில் அரை லிட்டருக்கு மேல் நீர் உருவாகியிருக்கிறது. எவ்வளவு வெளியே போயிற்று, எவ்வளவு உள்ளே தங்கிற்று என்று அளக்க வழியில்லை. ஆனால் துளைகள் உள்ளிருந்து வெளியே அரித்தவை என்பதை வெட்டிப் பார்த்தபோது கண்ணாலேயே காண முடிந்தது. அதே ஈரம் இன்ஜினுக்குள்ளும் போயிருந்தது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மோர்க்குழம்பு நிறத்தில் ஒரு வழவழப்பு ஒட்டியிருந்தது. ஆயில் நன்றாகக் காய்ந்து சூடேறும் அளவுக்கு வண்டி ஓடியிருந்தால் அது ஆவியாகிப் போயிருக்கும்.

கார்புரேட்டர் கெட்டதிலும் ஞாயிற்றுக்கிழமைக்குப் பங்குண்டு. அதில் பெட்ரோல் தங்கும் மிதவைக் கிண்ணம் வெளிக்காற்றோடு தொடர்புள்ளது. நிறுத்திய சில நாள்களில் அதிலுள்ள பெட்ரோல் ஆவியாகி, பிசின் போன்ற ஒரு படிவத்தை அடியில் விட்டுச் செல்லும். ஒரு முறை நிறுத்திப் பதினைந்து வாரம் விட்டிருந்தால் ஒரு முறைதான் அப்படி நடந்திருக்கும். நாங்களோ வாரந்தோறும் கிண்ணத்தை நிரப்பி, வாரந்தோறும் காயவிட்டு, ஏழு பூச்சுப் பூசியிருந்தோம். இத்துடன் எத்தனால் சேர்கிறது. 2022இல் நாடு பத்து விழுக்காட்டுக் கலப்பை எட்டியது. 2023 பிப்ரவரியில் இருபது விழுக்காட்டுக் கலப்புப் பெட்ரோலின் விற்பனை தொடங்கியது. எத்தனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. இந்தக் காரை வடிவமைத்தவர்கள் அப்படி ஓர் எரிபொருளை மனத்தில் வைத்திருக்கவில்லை. கிண்ணத்தின் உட்புறம் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. பெட்ரோல் ரப்பர் குழாய் தொட்டால் பிசுபிசுத்தது.

தார்ப்பாய், ஹேண்ட்பிரேக், எலி

பூஞ்சணத்துக்குக் காரணம் தேடியபோது, மழை எங்கிருந்து உள்ளே வந்தது என்றே முதலில் பார்த்தோம். கதவு ரப்பர்கள் சரியாகவே இருந்தன. ஈரம் மேலிருந்து வரவில்லை, கீழிருந்து வந்தது. மழைக்காலத்தில் மண்ணில் ஊறும் நீர் சிமென்ட் தரை வழியாக ஓயாமல் ஆவியாகிக்கொண்டிருக்கும். தரை பார்வைக்குக் காய்ந்திருந்தாலும் இது நடக்கும். தரை வரை இறக்கிக் கட்டிய தார்ப்பாய் அந்த ஆவியைப் பிடித்து வைத்தது. மாலை வெயிலில் உள்ளே புழுங்கியது, இரவில் தார்ப்பாயின் உட்புறத்தில் துளிகளாகக் குளிர்ந்து வண்டியின்மேல் சொட்டியது. கழுவிய ஈரமும் கால்மிதியில் தங்கிய தண்ணீரும் அதற்குத் துணை சேர்ந்தன. இட்லிப் பானைக்குள் வைத்த மாதிரிதான். பிளாஸ்டிக் தாள் அந்தப் போர்ட்டிகோவில் இருந்திருக்க வேண்டிய இடம் காரின் மேலே அல்ல, காரின் அடியில்.

பின் சக்கரங்கள் இறுகியதும் அதே ஈரத்தின் வேலைதான். கழுவிய நீர் பின் சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம்முக்குள் இருந்தபோதே ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டதால், அதை உள்ளிருந்து அழுத்தும் பிரேக் ஷூவின் லைனிங் டிரம்மோடு அழுந்தியபடியே துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது. இடப்பக்கத்து டிரம்மைத் தட்டிக் கழற்றியபோது லைனிங் ஷூவை விட்டுப் பிரிந்து டிரம்மோடு வந்தது. ஒருமுறையாவது வண்டியைக் கொஞ்சம் நகர்த்தியிருந்தால் இது முதல் மாதத்திலேயே தெரிந்திருக்கும். ஏழு முறை ஸ்டார்ட் செய்தவர்கள் ஒரு முறைகூட அரையடி நகர்த்தவில்லை.

எலியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வெள்ளத்தன்று தெருவின் கால்வாய் நிரம்பியதும் அவை மேட்டைத் தேடி வந்தன. இருட்டாக, காற்றுப் படாமல், பின் இருக்கைக்கடியில் முறுக்குத் துகளோடு ஒரு மாளிகை அங்கே காத்திருந்தது. பானெட்டுக்குள் போட்டு வைத்த அந்துருண்டைகளின் வாசனை எலிகளைத் தடுக்கவில்லை. எங்களைத்தான் பிப்ரவரி வரை துரத்தியது.

பழுதுச் செலவு இப்படி வந்தது: பேட்டரி 3,800 ரூபாய், சைலன்சர் 2,600, பின் பிரேக் வேலை 2,100, கார்புரேட்டரும் ரப்பர் குழாய்களும் 1,700, ஒயரிங் 1,400, உட்புறச் சுத்தம் 1,500. ஆக 13,100 ரூபாய். கூரையின் பெயின்ட்டை அப்படியே விட்டுவிட்டோம்.

இரண்டாம் பருவம்

2024 அக்டோபர் 6 அன்று வண்டியைக் கழுவவில்லை. இரண்டு நாள் முன்னதாகவே கழுவியாகிவிட்டது. அன்று செய்தது, வண்டலூர் வரை ஓட்டிச் சென்று திரும்பியதுதான். பிரேக், சைலன்சர், ஆயில் மூன்றும் அந்த ஓட்டத்தில் காய்ந்தன. வழியில் டாங்கை முழுக்க நிரப்பினோம். டாங்குக்குள் காற்றுக்கு இடம் குறைந்தால் அந்தக் காற்றோடு வரும் ஈரத்துக்கும் இடம் குறையும். ஆயிலை வழக்கமாகத் தை மாதத்தில் மாற்றுவோம். இம்முறை நிறுத்துவதற்கு முன்பே மாற்றினோம், பழைய ஆயிலில் சேர்ந்திருக்கும் அமிலங்களும் ஈரமும் மூன்று மாதம் பேரிங்குகளைத் தொட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை என்பதால். வீட்டுக்கு வந்ததும், வண்டியின் பெட்ரோல் பம்ப்புக்கு வரும் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, இன்ஜின் தானே அணையும்வரை ஓடவிட்டுக் கார்புரேட்டரைக் காலி செய்தோம்.

தரையில் தடித்த பிளாஸ்டிக் தாளை விரித்து அதன்மேல் வண்டியை ஏற்றினோம். ஹேண்ட்பிரேக் இல்லை, முதல் கியர், சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல். டயர்களில் 35 பிஎஸ்ஐ காற்று. மேலே காற்றுப் புகும் பருத்தித் துணி உறை, அதுவும் கதவின் பாதி வரை மட்டும். பானெட்டைப் பருவம் முழுவதும் திறந்தே வைத்தோம். வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில் எலி குடித்தனம் நடத்துவதில்லை. ஏர் ஃபில்டர் வாயிலுக்குக் கம்பி வலை, சைலன்சர் வாயில் பாத்திரம் தேய்க்கும் கம்பி நார். அவற்றை மறந்துவிட்டு ஸ்டார்ட் செய்யாமலிருக்க ஸ்டீயரிங்கில் ஒரு சீட்டுக் கட்டினோம்.

உட்புற ஈரத்தைப் பற்றி எனக்குச் சரியான தீர்வு முதலில் தெரியவில்லை. கண்ணாடிகளை ஒரு விரல் இறக்கி வைக்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள், சிலிக்கா ஜெல் போட வேண்டும் என்று வேறு சிலர் சொன்னார்கள். நான் இரண்டையும் செய்தேன். இரண்டு கிலோ நீல நிற சிலிக்கா ஜெல் துணிப் பைகளில் நான்கே நாளில் முழுதும் இளஞ்சிவப்பாகிவிட்டது. ஒரு காரை மட்டுமல்ல, ஆதம்பாக்கம் முழுவதையும் உலர்த்த முயன்றிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. பூஞ்சணம் வளர எழுபது விழுக்காட்டு ஈரப்பதம் போதும். நவம்பரில் சென்னைக் காற்று அதற்கு மேலேதான் இருக்கும். ஆகவே அந்தக் காற்றை உள்ளே விடுவதில் இந்த ஊரில் ஆதாயம் இல்லை. கண்ணாடிகளை முழுதும் ஏற்றி, ஜெல்லை வாணலியில் வறட்டிப் பழைய நிறத்துக்குக் கொண்டுவந்து மீண்டும் வைத்தேன். அடுத்த முறை நிறம் மாறப் பத்தொன்பது நாள் ஆயிற்று. குளிர்ந்து உலர்ந்த ஊர்களில் எழுதப்படும் அறிவுரைகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு இது ஒரு சான்று.

பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் அலமாரியில் வைத்து, மாதம் ஒருமுறை சிறிய தானியங்கிச் சார்ஜரில் இணைத்தோம். வெறும் சிமென்ட் தரையில் வைத்தால் பேட்டரி இறங்கிவிடும் என்று தந்தை எச்சரித்தார். மரப்பெட்டியும் கெட்டி ரப்பர் பெட்டியுமாகப் பேட்டரி வந்த காலத்தில் அது உண்மை. இன்றைய பிளாஸ்டிக் பெட்டிக்கு அந்தக் கவலை இல்லை. எனினும் அலமாரியிலேயே வைத்தோம்.

பேட்டரியைக் கழற்றியதில்தான் ஒரு சிக்கல் முளைத்தது. அக்டோபர் நடுவில் சென்னைக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தபோது, வேளச்சேரி மேம்பாலத்தின் ஓரத்தில் மக்கள் தங்கள் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். எங்கள் காரோ பேட்டரி இல்லாமல், பெட்ரோல் குழாய் கழற்றிய நிலையில், செங்கற்களுக்கு நடுவே நின்றது. நீண்ட நாள் நிறுத்தத்துக்கு ஏற்ற நிலையும் வெள்ளத்திலிருந்து தப்பி ஓடுவதற்கு ஏற்ற நிலையும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்பதை எங்கும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டுமே இருந்ததால், நீர் புகுந்தால் இழப்பு முழுதும் எங்களுடையதே. மிக்ஜாமில் நீர் நின்ற படியை அளவாக வைத்து, தெருநீர் இரண்டாம் படியைத் தொட்டால் வண்டியை எடுத்துவிடுவது என்று முடிவு செய்து, சார்ஜ் ஏற்றிய பேட்டரியையும் 10 எண் ஸ்பானரையும் கதவருகே வைத்தோம். ஒத்திகை பார்த்ததில் எல்லாவற்றையும் இணைக்கப் பதினொரு நிமிடம் ஆயிற்று. தண்ணீர் முதல் படியோடு நின்றது. நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோதும் அந்தப் பேட்டரி வாசலில்தான் இருந்தது. எங்களைவிடத் தாழ்ந்த மனையில் இருப்பவர்களுக்கு இந்த ஏற்பாடு பொருந்தாது. அவர்கள் பேட்டரியைக் கழற்றாமல் எதிர்முனையை மட்டும் விடுவித்து வைப்பதே நல்லது, வாரம் 4.2 ஆம்பியர்-மணி ஒழுகுவதை அதுவும் தடுத்துவிடும்.

2025 ஜனவரி 19 அன்று பேட்டரி 12.6 வோல்ட் காட்டியது. டயர்களில் 31 பிஎஸ்ஐ இருந்தது. கார்புரேட்டர் காலியாக இருந்ததால் மூன்று முறை, ஐந்து ஐந்து விநாடி, வெறுமனே சுற்றியது. அந்த நேரத்தில் ஆயிலாவது மேலே ஏறியிருக்கும். நான்காவது முறை பிடித்துக்கொண்டது. புகைச் சான்றிதழ் டிசம்பரில் காலாவதியாகியிருந்ததால் அதைப் புதுப்பித்த பிறகே சாலைக்குப் போனோம். முதல் சில பிரேக்குகளில் பின்னால் உரசும் சத்தம், முதல் நான்கு கிலோமீட்டர் வரை டயரில் லேசான தடதடப்பு; பிறகு இரண்டும் இல்லை. ஓட்டுநர் பக்கத்து சீட் பெல்ட்டின் சுருளுக்குள் மட்டும் கொஞ்சம் பூஞ்சணம் இருந்தது. சார்ஜர் 1,600, துணி உறை 1,400, சிலிக்கா ஜெல் 600 என்று செலவு 3,600 ரூபாய். மூன்றும் அடுத்த ஆண்டுக்கும் இருக்கின்றன.

தீராமல் நின்றது என் தந்தையின் ஞாயிற்றுக்கிழமைதான். ஓடாத இன்ஜின் உறைந்துவிடும் என்ற அவர் எண்ணத்தை ஆம்பியர்-மணிக் கணக்கால் அசைக்க முடியவில்லை. ஆகவே, டயர் ஒரே இடத்தில் அழுந்தாமலும் பிரேக் ஒட்டாமலும் இருக்க மூன்று வாரத்துக்கு ஒருமுறை வண்டியை நகர்த்தும் வேலையை ஞாயிற்றுக்கிழமை காலைக்கு மாற்றிவிட்டோம். செங்கற்களை எடுத்து, கியரை விடுவித்து, நானும் தம்பியும் பின்னாலிருந்து தள்ளுவோம். கால் சுற்று, அதாவது ஒன்றரை அடிக்குச் சற்றுக் குறைவான தூரம். அவர் உள்ளே அமர்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, போதும் என்று கை காட்டுவார்.